பாதிக் குளிசை

அத்தியாயம் 11

கிளினிக்கிலிருந்து வந்த மெசேஜ் ‘வருந்துகிறோம்’ என்று தொடங்கியது. அப்படித் தொடங்கும் மெசேஜ்கள் எப்படி முடியும் என்பது றொசானாவுக்குத் தெரியும். உங்கள் தந்தை திரு ஜெயசிங்கத்தின் பிறெசர் குளிசைக்கு மறுபடி மருந்துச் சீட்டுக் கேட்டிருந்தீர்கள். டொக்டரை நேரில் பார்க்காமல் தர இயலாது.

அவள் பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.

வீட்டில் எல்லோருடைய மருந்தும் அவளுடைய போனுக்குள்தான் இருந்தது. அப்பாவின் பிறெசர், அம்மாவின் தைரொயிட், இரண்டுக்கும் கிளினிக்கின் அப்பில் தனித்தனிக் கணக்கு. சீட்டில் எத்தனை தடவை மிச்சம், எப்போது புதுச்சீட்டுக் கேட்க வேண்டும், பார்மசிக்காரி எப்போது ‘இன்னும் நேரமாகவில்லை’ என்று திருப்பி அனுப்புவாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்பாவின் போனில் வட்ஸ்அப்பும் வானொலியும் வேலை செய்தன. மற்றதெல்லாம் றொசானா. பதினொரு வயதில் முதல் தடவை டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்து அம்மாவின் மாதவிலக்கை இங்கிலிஷில் சொன்னவள் அவள். அதற்குப் பிறகு அந்தக் கதிரையை விட்டு அவளை ஒருவரும் எழும்ப விடவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தேவாலயப் பூசைக்கு வருகிறவர்களிடம் அம்மா சொல்லிக்கொள்வார். அதன் அர்த்தம் குடும்பத்தின் முதல் கிளார்க் என்பதுதான்.

யோகா அன்ரி ஊருக்குப் போனதிலிருந்து மெல்பேர்னின் மேற்கே ட்ருகனினாவில் அவர்களுடைய வீடு களையிழந்து கிடந்தது. மன்னாரில் அம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். மகன் லக்சனின் கைக்குழந்தையைப் பார்க்கவென்று கிளென் வேவர்லிக்கு வந்து, விசா முடிந்து, போன கிழமை திரும்பிவிட்டார். விமான நிலையத்தில் கார் நிறுத்த இடமில்லை. அதன் வாசலில் வைத்தே கட்டிப்பிடித்து, லக்சனோடு விட்டுவிட்டு வந்தார்கள். பிளேனில் குளிரும் என்று அம்மா தன்னுடைய ஊதாக் கார்டிகனைக் கழற்றிப் போட்டுவிட்டார். அடுத்த நாள் லக்சன் எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பினான்: அம்மா சுகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டா.

அம்மா அதைப் படித்துவிட்டு இன்னொரு தடவை அழுதார்.

றொசானாவின் சிட்னி விஷயமும் அப்படியே கிடந்தது. அங்கே பரமட்டாவில் ஒரு வேலை. அவள் படித்த படிப்புக்கேற்ற முதல் வேலை. அம்மாவுக்கு மட்டும் தெரியும். அப்பாவின் பிறெசர் ஒரு நிலைக்கு வரட்டும் என்று இரண்டு தடவை தவணை கேட்டுவிட்டாள். மூன்றாவது தவணை தரமாட்டார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“என்ன, வேலைக்குப் போகேல்லையோ?” என்றார் அப்பா. இரவு ஷிப்ற் முடித்து வந்து சாரத்தோடு இருந்தார்.

“உங்கட குளிசைக்கு டொக்டரிட்டப் போகோணுமாம். வெளிக்கிடுங்கோ.”

“நீ போனிலயே எடுத்துத் தாறனீதானே.”

“தரமாட்டினமாம். பிறெசர் பார்க்கோணுமாம்.”

அப்பாவின் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. பிறெசர் பார்ப்பதென்றால் யாருக்கும் வருகிற பயம் என்று அவள் நினைத்தாள்.

*

டொக்டர் நுயென் கையில் பட்டியைக் கட்டிக் காற்றடித்தார். இறக்கினார். மறுபடி அடித்தார். போன தடவையைவிடக் கூட.

“ஒழுங்காக மருந்து எடுக்கிறாரா என்று கேளுங்கள்.”

“ஒழுங்காக் குளிசை போடுறீங்களோ எண்டு கேக்கிறார்.”

“ஓம். ஒவ்வொரு நாளும். காலமை தேத்தண்ணியோட.”

“ஒவ்வொரு நாளும் எடுக்கிறாராம்,” என்று றொசானா இங்கிலிஷில் சொன்னாள். டொக்டர் திரையைப் பார்த்தார். பார்மசியில் மாதம் தவறாமல் குளிசை எடுத்திருந்தது. தவறாமல் எடுக்கிற ஒருவருக்கு இறங்கவில்லை என்றால் குளிசையின் பலம் போதவில்லை. அவர் வேறு என்ன நினைக்க முடியும்? பலத்தை இரண்டு மடங்காக்கினார். நாலு கிழமை கழித்து வரச் சொன்னார்.

இன்னும் நாலு கிழமை. றொசானாவுக்குப் பரமட்டா கண்ணுக்கு முன்னால் சின்னதாகிப் போனது.

அவள் அப்பாவுக்குச் சொன்னாள். “இனி டபுள் பலமாம்.”

அப்பா சிரித்தார். லொத்தர் விழுந்தவரைப்போல. டொக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி இரண்டு தடவை தாங்யூ சொன்னார். நோய் கூடிவிட்டது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட மனிதரை டொக்டர் நுயென் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். றொசானாவும் பார்த்ததில்லை.

பக்கத்துப் பார்மசிக்குப் போய்ச் சேருவதற்குள் சீட்டு அவளுடைய போனுக்கு வந்துவிட்டது. பார்மசிக்காரி அதை ஸ்கான் பண்ணிவிட்டுப் பெட்டியை எடுத்து வந்தாள். அப்பா பெட்டியை உற்றுப் பார்த்தார்.

“பிள்ளை, இதுக்கு நடுவில கோடு இருக்கோ எண்டு கேள்.”

“என்ன கோடு?”

“கேளன்.”

அவள் கேட்டாள். கேட்டுப் பழகிப்போன வாய். அரைவாசி வாழ்க்கை அப்பாவும் அம்மாவும் சொல்வதை யோசிக்காமல் மாற்றிச் சொன்னதில்தான் போயிருந்தது.

பார்மசிக்காரி இல்லை என்றாள். பழைய குளிசையில்தான் கோடு இருக்கும், இது பாதியாக்கக் கூடாதது. பிறகு நிமிர்ந்து பார்த்து, டொக்டர் இப்போதுதானே கூட்டியிருக்கிறார், ஏன் பாதியாக்க வேண்டும் என்று கேட்டாள்.

“ஏன் பாதியாக்கோணும் எண்டு கேக்கிறா,” என்றாள் றொசானா. சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி அவளுக்குள் இறங்கியது.

அப்பா விட்டமின் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

றொசானா பெட்டியைப் பார்மசிக்காரியிடம் திருப்பிக் கொடுத்து, கொஞ்சம் வைத்திருக்கச் சொன்னாள். அப்பாவை முன்னால் நடக்கவிட்டு வெளியே வந்தாள்.

*

காருக்குள் ஏறியதும் அப்பா சீற் பெல்ற்றைப் போட்டார். கார் எங்கேயும் போகப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் போட்டார்.

“எவ்வளவு காலமா வெட்டுறீங்கள்?”

“போன குளிர் காலத்தில இருந்து.”

“மற்றப் பாதி ஆருக்கு?”

வண்டிகளை நிறுத்திவிட்டு ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அப்பா அவர்களில் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“கோபாலுக்கு.”

கோபாலகிருஷ்ணன் அப்பாவோடு ஒரே வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறவர். படகில் வந்தவர். வந்த நாளிலிருந்து தற்காலிக விசாவை நீட்டி நீட்டிக் காலம் ஓட்டுகிறார். கடைசி விசா முடிந்து, புதியது இன்னும் வரவில்லை. அதோடு இலவச வைத்தியத்துக்கான மெடிகெயார் காட்டும் செத்துப்போனது.

“வேலையில விழுந்தவன் பிள்ளை. பலகையளுக்கு நடுவில. மனேச்சர் அம்புலன்ஸுக்கு அடிக்கப் போக, இவன் என்ர கையைப் பிடிச்சு, வேண்டாம் அண்ணை எண்டான். பேர் எங்கயும் போய்ப் பதிஞ்சிடும் எண்டு பயம். காட் இருக்கேக்க அவனுக்கும் இதே குளிசைதான் எழுதினது. வெறும் பெட்டியை வச்சிருந்தவன். காட்டினவன்.”

“அதால நீங்கள் டொக்டராகிட்டீங்கள்.”

“எனக்கு ஒரு குளிசை. பாதி அவனுக்கு, பாதி எனக்கு. பெரிய கணக்கோ?”

“ஆர் வெட்டுறது?”

“அம்மா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டு வந்து வெட்டுவா. எனக்குக் கை நடுங்கும். நான் வெட்டினால் உதிர்ந்து போகும்.”

றொசானா ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். கோபால் அங்கிளுக்கென்று அம்மா தனிச் சாப்பாட்டுப் பெட்டி கட்டுவார். மூடிக்கு மேலே ஃபொயிலில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். ஊறுகாய் என்பார். அப்பாவுக்கு முதுகு பிடித்துக் கிடந்த நாட்களில் அந்தப் பெட்டியை வெயார்ஹவுஸ் கேற்றில் கொண்டுபோய்க் கொடுத்தவள் றொசானாதான்.

“இண்டைக்குப் பார், டொக்டர் ரெண்டு மடங்காக்கிப் போட்டார்,” என்றார் அப்பா. குரலில் உற்சாகம் திரும்பியிருந்தது. “இனி வெட்டினாலும் எனக்கு முழுசு. அவனுக்கும் முழுசு. கடவுளாப் பார்த்துச் செய்தது.”

“கடவுள் இல்லை. டொக்டர் நுயென். நீங்கள் சொன்ன பொய்யை நம்பிச் செய்தது.”

“நான் என்ன பொய் சொன்னனான்? ஒழுங்காப் போடுறீங்களோ எண்டு கேட்டார். ஒழுங்காத்தான் போட்டனான். முழுசாப் போடுறீங்களோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.” கொஞ்சம் பொறுத்து, “அதோட, இங்கிலிஷில சொன்னது நீ,” என்றார்.

அது உண்மை. பொய் அவளுடைய வாயால்தான், நல்ல உச்சரிப்போடு, டொக்டரிடம் போயிருந்தது.

“அப்பா, நாளைக்கு நீங்கள் விழுந்தால் உங்களை அம்புலன்ஸில ஏத்துவினம். உங்களுக்குக் காட் இருக்கு. ஆஸ்பத்திரிக் கொம்பியூட்டரில டபுள் எண்டு கிடக்கும். அவை முழுசாத் தருவினம், உங்களைப்போல வெட்டித் தரமாட்டினம். பிறெசர் ஒரேயடியாப் படுத்திடும். நீங்களும் படுத்திடுவீங்கள். மற்றது, கோபால் அங்கிளுக்குப் பிறெசர் என்ன அளவில நிக்குதெண்டு ஆருக்காவது தெரியுமோ?”

அப்பா சீற் பெல்ற்றை இழுத்து இழுத்து விட்டார்.

“எனக்குச் சிட்னியில வேலை கிடைச்சது. ரெண்டு தரம் பொறுங்கோ எண்டு கேட்டனான். உங்கட பிறெசர் இறங்கட்டும் எண்டு. அது எப்பிடி இறங்கும்? பாதியை ஊறுகாய் எண்டு நானே கொண்டுபோய்க் குடுத்திருக்கிறன்.”

“சிட்னியோ?” அப்பா திரும்பினார். “எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே.”

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். அப்பா சீற் பெல்ற்றைக் கழற்றாமலே கண்ணாடியை இறக்கினார்.

“நீ உள்ள போய்ச் சொன்னால் டொக்டர் பழைய குளிசையைத் தருவார். அதை நான் முழுசாப் போடுவன். கோபாலுக்கு என்ன மிஞ்சும்? அதை மட்டும் சொல்லிப்போட்டுப் போ.”

 அவள் கிளினிக் பக்கம் திரும்பி நடந்தாள்.

*

டொக்டர் நுயென் அடுத்த நோயாளியைக் கூப்பிட வெளியே வந்தபோது நடைபாதையிலேயே மறித்துச் சொன்னாள். அப்பா இவ்வளவு காலமும் பாதிதான் எடுத்திருக்கிறார். ஏன் என்று சொல்லவில்லை.

டொக்டர் அவளைப் பார்த்தார். மறதியா, பயமா, செலவா என்று கேட்டார்.

“பழக்கம்,” என்றாள்.

அவர் அறைக்குள் போய்ப் புதுச்சீட்டை நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே அனுப்பினார். இரண்டு கிழமையில் நேர்ஸ் பார்க்கட்டும் என்றார். பிறகு, திரையைப் பார்த்தபடியே, வியாழக்கிழமை பின்னேரங்களில் காட் இல்லாதவர்களையும் பார்ப்பதாகச் சொன்னார். அவரிடம் காசு கொடுக்க வேண்டியதில்லை. குளிசைக்கும் ஒரு வழி இருக்கிறது. பெயர் இந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே போகாது. அவள் அதை மறுபடி கேட்டாள். போகாது என்று மறுபடி சொன்னார்.

யாருக்காக என்று அவர் கேட்கவில்லை. மேற்கு மெல்பேர்னில் வருடக்கணக்காக டொக்டராக இருக்கிறவர். பாதிக் குளிசைகளை முன்பும் பார்த்திருப்பார்.

வீட்டில் அம்மா குசினியில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தார். முதியோர் இல்லச் சமையலறையில் காலை வேலை முடித்து வந்த களைப்பு தோளில் தெரிந்தது.

“ஓம், வெட்டினனான்,” என்றார், அவள் கேட்பதற்கு முன்பே. அப்பா காருக்குள்ளிருந்து போன் பண்ணியிருந்தார். “வெட்டினது பிழையெண்டு எனக்கும் தெரியும். நான் மேரிறோஸ், மொக்கி இல்லை. உன்ர யுனிவெர்சிற்றிப் படிப்பில அந்த மனுசனுக்கு ஒரு வழி கிடந்தால் சொல்லு. வெட்டுற பிளேட்டைக் குப்பையில போடுறன்.”

“வழி இருக்கு. வியாழக்கிழமை எங்கட கிளினிக்கில காட் இல்லாமல் பார்ப்பினமாம்.”

அம்மாவின் கை நின்றது.

“அப்ப இவ்வளவு நாளும் நீ ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் எனக்கு ஊறுகாய் எண்டெல்லோ சொன்னனீங்கள்.”

அம்மா கணவாயின் மைப்பையை இழுத்து எடுத்தார். 

“மற்றது, றொசானா. சிட்னிக்குப் போறதெண்டால் போ. போகாட்டில் இரு. அவரின்ர பிறெசரைச் சாட்டாதை. உனக்குப் பயமெண்டால் பயமெண்டு சொல்லு.”

றொசானா கார்த் திறப்பை எடுத்தாள். அம்மாவுக்கு இந்த ஒரு வித்தை தெரியும். தன்னுடைய பிழையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்களுடையதையும் எடுத்துத் தண்ணீருக்குள் போட்டுவிடுவார்.

*

கோபால் அங்கிள் செயின்ற் ஓல்பன்ஸில் ஒரு வீட்டின் பின்னால் கட்டிய சின்ன யுனிற்றில் குடியிருந்தார். வெயில் இன்னும் சாயவில்லை. கதவை அரைவாசி திறந்து, அதற்குள் தன்னை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன பிள்ளை, அண்ணைக்கு ஏதும்?”

“அப்பாவுக்கு ஒண்டுமில்லை. உள்ள வரலாமோ?”

அவர் திரும்பி உள்ளே ஒரு தடவை பார்த்தார். பிறகு விலகினார்.

ஒரு அறை, ஒரு குசினி, நடுவில் ஒரு கதிரை. அதை அவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டுச் சுவரோடு நின்றார். அவள் உட்காரவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தாள். பாதிக் குளிசை இனி வராது. அப்பாவுக்கு அது முழுசாக வேண்டும். ஆனால் வியாழக்கிழமை டொக்டர் பார்ப்பார்.

“பேர் கேப்பினமோ?”

“கேப்பினம். டொக்டருக்கு மட்டும்தான் தெரியும். நான் ரெண்டு தரம் கேட்டனான்.”

“அண்ணை கோவமோ?”

“அப்பாவுக்கு என்னில கோவம். நீங்கள் சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் ஒழுங்காத் திருப்பிக் குடுங்கோ. இல்லாட்டில் அம்மாவும் கோவிப்பா.”

அவர் சிரித்தார். சிரிக்கும்போது இன்னும் மெலிந்தவராகத் தெரிந்தார். தேத்தண்ணி போடவென்று கேத்திலை எடுக்கத் திரும்பினார். அவர் நகர்ந்த இடத்தில், குசினித் தட்டின் மேல், ஒரு சோசர் இருந்தது. சோசரில் அம்மாவின் ஃபொயில். ஃபொயிலுக்குள் பாதிகள் இல்லை. ஒவ்வொரு பாதியும் மறுபடி வெட்டப்பட்டிருந்தது. அம்மாவின் வெட்டு நேராக இருக்கும். இது பல்லால் கடித்ததுபோல உதிர்ந்திருந்தது.

“அங்கிள், இதென்ன கால்வாசி?”

“பாதி எனக்குக் கூடிப்போச்சு பிள்ளை. தலைச் சுத்து.”

“எப்ப இருந்து?”

“போன கிழமை.”

அவருக்குப் பொய் சொல்ல வராது. கேத்திலில் தண்ணீர் நிரப்பாமலே சுவிச்சைப் போட்டார். பிறகு நிறுத்தினார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

“வியாழக்கிழமை ரெண்டு பேர் வரலாமோ?”

அறைக் கதவு அசைந்தது. முதலில் தெரிந்தது ஒரு கை. ஊதாக் கார்டிகன் கை. மணிக்கட்டில் மற்றப் பொத்தான்களோடு பொருந்தாத ஒரு கறுப்புப் பொத்தான். அந்தப் பொத்தானைத் தைத்தவர் அம்மா.

யோகா அன்ரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை வாரி இழுக்காமல், கண் வீங்கி, ஒரு கிழமைக்குள் பத்து வயது கூடியவர்போல.

றொசானா கதிரையில் உட்கார்ந்தாள்.

“அன்ரி. நீங்கள் சுகமாப் போய்ச் சேர்ந்ததெண்டு லக்சன் அண்ணா எங்கள் எல்லாருக்கும் மெசேஜ் போட்டவர்.”

“ஓம் பிள்ளை,” என்றார் யோகா அன்ரி. “அவன்தானே என்னைக் கொண்டுவந்து இங்க இறக்கிவிட்டவன்.”